சர்க்கரை உள்ளவர் பழனிக்கு வெறுங்காலோடு நடக்கலாமா?

‘அப்பச்சிக்குச் சர்க்கரை வந்து 14 வருஷம் ஆகிறது. இந்தத் தைப்பூசத்துக்குக் காவடியோடு வெறுங்காலில் பழனிக்கு நடந்தே தீருவேன் என்கிறார். போகலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எழுதியிருந்த விவரங்களையும் படித்தேன். அப்பச்சிக்கு, அதாவது உங்கள் அப்பாவுக்கு, வயது 63. காலையும் இரவும் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, சில மாதங்களாக இரவில் இன்சுலின். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி கடைசியாகப் பார்த்தபோது 8.1. விரத நாட்களில் சோற்றுக்குப் பதில் கவுனி அரிசி சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாரோ சொல்ல, உங்கள் ஆத்தாவும் (அம்மா) அதை நம்புகிறார்கள். இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், அவரைத் தடுத்து நிறுத்த மருத்துவக் காரணம் ஒன்று வேண்டும் என்பதே உங்கள் கேள்வி என்று புரிகிறது. யாத்திரையையே நிறுத்தும் காரணம் எதுவும் நீங்கள் எழுதியதில் எனக்குத் தென்படவில்லை. பழனிக்கு நடப்பது வேறு, வெறுங்காலில் நடப்பது வேறு. முதலாவது, சரியாகத் தயார் செய்துகொண்டால் அவரால் முடியக்கூடும். இரண்டாவது கூடாது.

செவிலியர் படிப்பு முடித்து, பிறகு நீரிழிவுக் கல்வியில் பயிற்சி பெற்று, காரைக்குடிப் பக்கம் ஒரு சர்க்கரை சிகிச்சை மையத்தில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். ஊசி போடுவது, மீட்டரில் பார்ப்பது, சாப்பாடு, கால் பராமரிப்பு இவற்றை நோயாளிக்கும் வீட்டாருக்கும் சொல்லிக்கொடுப்பதுதான் என் பணி. நான் மருத்துவர் இல்லை. மாத்திரையையோ இன்சுலினையோ இவ்வளவு கூட்டுங்கள், இவ்வளவு குறையுங்கள் என்று இங்கே எழுத மாட்டேன். உங்கள் அப்பச்சியின் காலை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரு வரியை நீங்கள் எழுதிவிட்டு அப்படியே கடந்து போயிருக்கிறீர்கள்: ‘இப்போதெல்லாம் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்து வந்துவிடுகிறார், அவ்வளவு மறதி.’ நான் நின்றது அந்த வரியில்தான். அது மறதியாக இருக்க வாய்ப்புக் குறைவு. காலில் உணர்ச்சி குறைந்தவர்களின் வீட்டார் சொல்லும் முதல் அடையாளங்களில் ஒன்று அது. பல வருஷம் சர்க்கரை கூடுதலாக இருந்தால் உடம்பிலேயே நீளமான நரம்புகள், அதாவது பாதத்துக்குப் போகும் நரம்புகள், முதலில் பழுதாகின்றன. சிலருக்கு எரிச்சலும் குத்தலும் வரும். பஞ்சு மேல் நடப்பது போல் இருக்கிறது என்பார்கள் சிலர். இன்னும் பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. ‘என் காலில் ஒரு வலியும் இல்லை, கால் திடமாக இருக்கிறது’ என்று உங்கள் அப்பச்சி சொல்கிறாரே, அது பொய்யில்லை, அவருக்கு வலி தெரியவில்லை. நம் பக்கத்துச் சீமைக்கருவேல முள் பாதத்தில் முக்கால் அங்குலம் ஏறி, இரண்டு நாள் உள்ளேயே இருந்து, சீழ் வைத்து நாற்றம் வந்த பிறகு வீட்டில் உள்ளவர்கள் கண்டுபிடித்துக் கூட்டிவருகிறார்கள். வந்தவர் அப்போதும் நடந்துதான் வருவார். முகத்தில் வேதனை இருக்காது.

அவருடைய பாதங்களை இன்று மாலையே நீங்கள் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். அவரைப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒவ்வொன்றாக, இரண்டு காலிலும், ஓரிரு நொடி மெல்லத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, கிச்சுக்கிச்சு மூட்டக் கூடாது. தொட்டது தெரிந்ததும் வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். ஒரு விரலை ஒரே முறைதான் தொட வேண்டும், தெரியவில்லை என்பதற்காகத் திரும்பத் தொடக் கூடாது. ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இப்ஸ்விச் தொடு சோதனை என்று இதற்குப் பெயர். கருவி இல்லாத இடத்தில் பயன்படுவதற்கென்றே உருவானது. இதில் தேறிவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. மருத்துவமனையில் 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்கிற நைலான் இழையாலும், அதிரும் இசைக்கவையாலும் முறையாகப் பார்க்க வேண்டும். பாதத்தின் மேற்புறமும் கணுக்கால் அருகிலும் நாடி நன்றாக ஓடுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். உணர்ச்சி குறைந்து, இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் நான் இங்கே சொல்லும் எதுவும் பொருந்தாது. அப்போது நீண்ட நடையே வேண்டாம் என்றுதான் மருத்துவர் சொல்வார். பாதத்தில் ஆறாத புண் இருந்தாலும் அப்படியே. புண்ணோடு எடை தாங்கி நடந்தால் புண் எலும்பு வரை போய்விடும்.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். மெட்ஃபார்மினை நெடுநாள் எடுப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு பி12 வைட்டமின் குறையும். அதுவும் காலை மரத்துப்போகச் செய்யும். 14 வருஷத்தில் அவருக்கு அதைப் பார்த்திருக்கிறார்களா தெரியாது. ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், குறைந்திருந்தால் ஈடு செய்யவும் முடியும். சர்க்கரையால் போன உணர்ச்சி அப்படித் திரும்புவது அரிது. திரும்பக் கொண்டுவருவதாகச் சொல்லி விற்கும் எண்ணெய், அதிரும் இயந்திரம் எதற்கும் பணம் கொடுக்காதீர்கள்.

வெறுங்கால் என்பது எளிதில் விட்டுக்கொடுக்கிற விஷயமில்லை என்று எனக்குத் தெரியும். குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக 150 கிலோமீட்டருக்கு மேல் தலைமுறை தலைமுறையாக நடக்கிற நடை. தை மாதம்தானே, வெயில் இருக்காது என்று நினைக்கலாம். விடியலில் குளிரும், ஆனால் பகல் 11 மணிக்கு மேல் தார் ரோடு நன்றாகவே சுடும். உணர்ச்சி உள்ளவர் சூடு பட்டதும் காலை எடுத்து ஓரத்து மண்ணுக்கு மாறிவிடுவார். உணர்ச்சி இல்லாதவர் மாற மாட்டார், ஏனென்றால் அவருக்குச் சுடவில்லை. கோயில் பிரகாரத்துக் கல்லில் உச்சிவேளையில் ஒரு சுற்று சுற்றியே உள்ளங்கால் முழுக்கக் கொப்பளித்து வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். ஆகவே நடையை எம்.சி.ஆர். செருப்போடு செய்யட்டும். மைக்ரோ செல்லுலார் ரப்பர் அடிப்பாகம் உள்ள, பின்பட்டி வைத்த செருப்பு. விரல் இடுக்கில் வார் போகும் செருப்பு வேண்டாம், அந்த இடுக்கிலேயே புண் வரும். மாலை நேரத்தில் கால் சற்று வீங்கியிருக்கும்போது அளவு பார்த்து வாங்குங்கள். புதுச் செருப்போடு யாத்திரை கிளம்பக் கூடாது, முதலில் அரை மணி, பிறகு ஒரு மணி என்று வீட்டிலேயே பழக்க வேண்டும். மலையடிவாரத்தில் கழற்றிவிட்டு, கல் சூடேறும் முன் அதிகாலையில் பருத்திக் காலுறையோடு ஏறலாம், இல்லையென்றால் விஞ்ச் இருக்கிறது. பாதத்தைக் காத்துக்கொண்டு வருகிற பக்தரை முருகன் குறைத்து நினைப்பான் என்று நான் நம்பவில்லை. உங்கள் அப்பச்சிக்கு இதை மகள் சொல்வதைவிட, அவருடன் போகும் காவடிக் குழுவில் மூத்தவர் ஒருவர் சொன்னால் ஏறும்.

வீட்டுக்குள்ளும் இதே பிரச்சினைதான். நம் வீடுகளில் முகப்பைத் தாண்டிச் செருப்போடு வர யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆத்தங்குடித் தளம் குளிர்ச்சியாக இருக்கும் என்பது உண்மை, ஆனால் வளவில், அதாவது உள்கட்டில், திறந்த முற்றத்துக் கல் நண்பகலில் அப்படியில்லை. வாசலுக்கே போகாத, வீட்டுக்குள் மட்டும் போடுகிற ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரவு படுக்கும் முன் காலைக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். குதிகால் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், இடுக்கில் தடவக் கூடாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், அதற்குக் கடையில் விற்கும் பிளாஸ்திரியை ஒட்டுவதும் வேண்டாம். நடந்து வந்த அலுப்புக்குச் சுடுதண்ணீரில் கால் வைப்பது நம் வீடுகளில் வழக்கம். உணர்ச்சி இல்லாத காலுக்கு அது ஆபத்து, வெந்துபோவது அவருக்குத் தெரியாது. உங்கள் ஆத்தாவிடம் இதைத் தனியாகச் சொல்லிவையுங்கள், ஏனென்றால் அன்போடு அந்தத் தண்ணீரைக் காய்ச்சுகிறவர்கள் அவர்கள்தான்.

சர்க்கரை அளவைப் பற்றி. 8.1 என்பது சிறந்த எண் இல்லை, கிளம்பக் கூடாத எண்ணும் இல்லை. ஹெச்பிஏ1சி ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. பெரும்பாலானவர்களுக்கு 7-க்குக் கீழ் இலக்கு, வயதும் பிற நோய்களும் கூடினால் சற்றுத் தளர்த்துவார்கள். யாத்திரையில் எனக்குள்ள பயம் சர்க்கரை கூடுவதைப் பற்றியது மட்டுமில்லை, குறைந்துபோவதைப் பற்றியது. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். அதோடு இரவு இன்சுலின். அதோடு பகல் முழுக்க நடை. தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்வது நடந்து முடித்ததும் நின்றுவிடாது, அன்று இரவும் மறுநாள் காலை வரையும்கூடத் தொடரும். இதற்கு மேல் விரதம் என்று ஒரு பொழுது மட்டும் சாப்பிட்டால், விடியற்காலை 3 மணிக்குப் பந்தலில் வியர்த்துக் கிடப்பவரை அசந்து தூங்குகிறார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துவிடுவார்கள்.

ஆகவே மாத்திரையை அவராக நிறுத்தவும் கூடாது, வழக்கமான அளவை அப்படியே போட்டுக்கொண்டு பட்டினி கிடந்து நடக்கவும் கூடாது. நடக்கும் நாட்களுக்கு எந்த மருந்தை எவ்வளவு குறைப்பது, எதை அப்படியே விடுவது என்று அவருடைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள். ‘பார்த்துக்கலாம்’ என்ற பதிலோடு திரும்பாதீர்கள். மீட்டர் கையில் இருக்கட்டும். காலையில் கிளம்பும் முன், மதிய ஓய்வில், இரவு படுக்கும் முன் பார்க்கட்டும். கிளம்பும்போது 100-க்குக் கீழ் இருந்தால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும். கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல் எது வந்தாலும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 70-க்குக் கீழ் என்றால் 15 கிராம் குளுக்கோஸ் பொடியோ மூன்று தேக்கரண்டி சீனியோ தண்ணீரில் கலக்கி உடனே குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறியதும் ஏதாவது ஆகாரம். பஞ்சாமிர்தமும் இனிப்புதானே என்று அதை நம்ப வேண்டாம், நெய் சேர்ந்தது மெதுவாகத்தான் ஏறும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். இதெல்லாம் அவருக்குத் தெரிந்தால் போதாது, கூட நடக்கிற இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மீட்டரில் பார்க்கும் முன் கையைக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். வழியெல்லாம் பானகமும் பிரசாதமும் கொடுப்பார்கள், பிசுபிசுத்த விரலில் குத்தினால் இல்லாத சர்க்கரையை மீட்டர் காட்டும்.

இன்சுலினுக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் பேனாவோ குப்பியோ 30 டிகிரிக்குக் கீழ் இருந்தால் பெரும்பாலான வகைகள் நான்கு வாரம் வரை கெடாது, சரியான நாள் கணக்கு பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். சாமான் ஏற்றிவரும் வேனின் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைப்பதும், ஐஸ் கட்டியின் மேல் நேரடியாக வைப்பதும்தான் கெடுக்கும். ஈரத்துணி சுற்றிய சிறு மண்பானைக்குள் நனையாமல் வைத்தால் போதும்.

இனி கவுனி. இதில் உறுதியானது எது, சந்தேகமானது எது என்று பிரித்துச் சொல்கிறேன். கவுனியின் கறுப்பு நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது, தவிடு நீக்காததால் வெள்ளை அரிசியைவிட நார் கூடுதல். இவ்வளவும் உறுதி. சமைக்காத 100 கிராம் அரிசியில், அது எந்த நிறமாக இருந்தாலும், முக்கால் பங்குக்கு நெருக்கமாக மாவுச்சத்துதான் என்பதும் உறுதி. கவுனி சாப்பிட்டால் மனிதர்களுக்குச் சர்க்கரை எவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்பதில் தெளிவு போதாது. நார் ஏற்றத்தைத் தாமதப்படுத்தும், ஆனால் கவுனி ஒட்டும் அரிசி இனம், அந்த வகை மாவுச்சத்து சீக்கிரம் செரிக்கக்கூடியது. மாத்திரைக்குப் பதிலாக நிற்கும் என்பதற்கு எந்தச் சான்றும் கிடையாது. அதற்கும் மேல், நம் வீட்டில் கவுனி என்றால் சீனியும் தேங்காயும் நெய்யும் போட்டுக் கிளறியதுதானே. கல்யாண வீட்டுக் காலைப் பலகாரத்தில் கவுனியும் வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் ஒரே இலையில் வரும்போது, கவுனி நல்லது என்று சொல்லி இரண்டு கரண்டி கூடுதலாக வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான். சீனி போடாமல் கஞ்சியாகவோ சோறாகவோ அளவாகச் சாப்பிடட்டும், தடை ஒன்றுமில்லை. சாப்பிடும் முன் ஒரு முறை, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை மீட்டரில் பார்த்து எழுதிவையுங்கள். இன்னொரு நாள் அதே அளவு புழுங்கலரிசிச் சோற்றுக்கும் பாருங்கள். உங்கள் ஆத்தாவோடு வாதாடுவதைவிட, அந்த நான்கு எண்களை அவர்களே பார்ப்பது மேல். வழியில் கிடைக்கும் அன்னதானத்தில் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் பொங்கலும்தான் பெரும்பாலும் இருக்கும். வேகவைத்த முட்டை விரதத்துக்கு ஆகாது, ஆகவே சுண்டல், வறுத்த நிலக்கடலை, மோர் இவற்றைக் குழுவிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளட்டும்.

தைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, அது போதுமான நேரம். இந்த மாதமே கால் பரிசோதனையோடு இ.சி.ஜி., சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின், விழித்திரை ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். பல வருஷச் சர்க்கரையில் நெஞ்சுவலி இல்லாமலேயே இதயத்தில் அடைப்பு இருக்கக்கூடும். இதையெல்லாம் பார்க்காமல் அவ்வளவு தூரம் அனுப்புவது சரியில்லை. செலவுதான் தடை என்றால் அரசு மருத்துவமனையில் பாருங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, ஆனால் மாத்திரை வீடு தேடி வருகிறது என்பதற்காக வருஷத்துக்கு ஒரு முறை காலைக் காட்டுவது நின்றுவிடக் கூடாது. பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு தினமும் நடந்து, வாராவாரம் தூரத்தைக் கூட்டட்டும். ஒவ்வொரு நடைக்கும் பிறகு பாதத்தைப் பாருங்கள். ஓரிடம் சிவந்து அரை மணிக்கு மேல் மாறாமல் இருந்தால் செருப்பு அங்கே அழுத்துகிறது.

வழியில் கொப்பளம் வந்தால் உடைக்காமல், கொதித்து ஆறிய நீரால் துடைத்து, சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கு நடையை நிறுத்தி வேனில் ஏறிவிட வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் எருக்கம்பாலும் வேண்டாம். உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் வாங்கி விழுங்குவதும் வேண்டாம், தண்ணீர் குறைந்த உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரு கால் மட்டும் வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருந்து, வலி பெரிதாக இல்லையென்றால் சுளுக்கு என்று உருவிவிடக் கூடாது. உணர்ச்சி இழந்த பாதத்தில் எலும்புகள் நொறுங்கத் தொடங்கும் சார்க்கோ என்ற நிலையாக அது இருக்கலாம். அதற்கு மேல் ஓரடிகூட அந்தக் காலை ஊன்றாமல் மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். சிவப்பு பரவினாலும், நாற்றமோ காய்ச்சலோ வந்தாலும் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

தொடு சோதனையைச் செய்துவிட்டு ஆறு விரலில் எத்தனை தெரிந்தது என்று எழுதுங்கள். மருத்துவரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பதை அதற்கு ஏற்றபடி நான் குறித்துத் தருகிறேன்.